இரண்டு கட்டை மேலே

ஆம்பூர்,
டிசம்பர் 9

அன்பு மகள் நிஷாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் சுகம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபத்தில் கேட்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ நடுவில் பேசுவாய். இதை நீ நடுவில் பேசாமல் கேட்க வேண்டும்.

நம் சபையில் புதிதாக ஒரு வகுப்பு தொடங்கியிருக்கிறது. இளம்பரிதி என்று ஒருவன், பேரணாம்பட்டுக்காரன், இங்கே ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்திலேயே பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்து, ராக், ஜாஸ், ப்ளூஸ் என்று உலகத்தில் உள்ள பாட்டு வகைகளை எல்லாம் சொல்லித் தருகிறான். ஆராதனைக்குக் கீபோர்டு வாசிக்கிறவள் ஆயிற்றே, ஒருநாள் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன், படிக்க அல்ல, கவனிக்க. கால் தட்டுகிறோமே அது பீட், அது எவ்வளவு வேகம் என்பது டெம்போ, அதன் மேல் நெடிலும் குறிலுமாக விழுவது ரிதம், சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரம் கார்டு என்றான். ராக்கில் இரண்டாவது தட்டிலும் நாலாவது தட்டிலும் டிரம் பலமாக விழும் என்று சொல்லிக் கைதட்ட வைத்தான், ரெகே என்றால் இரண்டு தட்டுக்கு நடுவில் கிட்டார் வெட்டிவிட்டுப் போகும் என்று வாசித்தும் காட்டினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதுவே எனக்கு உறுத்தியது. கூலி இல்லாத வேலைக்கு ஒருவன் இவ்வளவு தயார் செய்துகொண்டு வந்தால் அவன் கண் வேறு எதன் மேலோ இருக்கிறது. கீ என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ஸ்கேல் என்றான். ஸ்கேல் என்பது படிக்கட்டு, கீ என்பது எந்தப் படியில் நம் வீடு என்பது, அதை எழுந்து நின்று திருத்தினேன். ஹரிணி என்று ஒரு வாயாடி, ஆயா இங்கயும் வந்துட்டாங்களா, இனிமே கைதட்றதுக்கும் நோட்ஸ் பேப்பர் பாக்கணும் என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்தது. என்னை ஆயா என்கிறது.

போன ஞாயிறு நடந்ததைக் கேள். ஆராதனையில் முதல் பாட்டு ஜி-யில். தாளில் உள்ளபடி ஜி-யில்தான் கைவைத்தேன், ஒலித்தது ஏ. பாடகர் குழுவுக்கு உச்சத்தில் குரல் கிழிந்தது. நிறுத்தி மறுபடி தொடங்கினேன், மறுபடியும் அதே. சபை முழுக்க என் கையைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வை எனக்குப் பழக்கமில்லை. அப்புறம்தான் கீபோர்டின் சின்னத் திரையில் ட்ரான்ஸ்போஸ் இரண்டு என்று இருந்ததைப் பார்த்தேன். அந்தப் பட்டனை இரண்டில் வைத்துவிட்டால் நீ எந்தக் கட்டையைத் தொட்டாலும் இரண்டு கட்டை மேலே உள்ளது ஒலிக்கும். இந்தக் காலத்துப் பையன்கள் சி-யில் மட்டும் வாசிக்கப் பழகிக்கொண்டு, பாடுகிறவர் குரலுக்குத் தக்கபடி பட்டனை ஏற்றி இறக்குகிறார்கள். கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்த எனக்குப் பன்னிரண்டு கீயும் கையில் இருக்கிறது, நான் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. தொட்டவன் யார் என்று கேட்கவா வேண்டும். சனிக்கிழமை அவன் வகுப்பு, ஆலயத்தைப் பூட்டும் வேலு ஸ்பீக்கரை மட்டும்தான் அணைப்பான், கீபோர்டு வைத்தது வைத்தபடி இருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஆயரம்மா வீட்டுக்கு வந்தார்கள், அச்சுமுறுக்கோடு. கிறிஸ்மஸ் ஆராதனையில் அவர்கள் வீட்டுக்காரர் ஆயர் கையால் எனக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்யப் போகிறார்களாம். தலைமை ஆசிரியராகட்டும் கம்பெனி மேனேஜராகட்டும், தோளில் பொன்னாடை விழுந்த மறுநாள் நாற்காலி வேறு ஆளுக்கு. நம் ஊரில் இது யாருக்குத் தெரியாது. ஞாயிறு கை தவறுகிறது, செவ்வாய் பொன்னாடை வருகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று காப்பி கொடுத்து அனுப்பினேன்.

நேற்று கேரல் ஒத்திகைக்கு நானே போனேன். பாடகர் குழு, ஆயரம்மா எல்லோரும் இருக்கும்போது, அந்தப் பட்டனை இரண்டில் விட்டுப் போனது யார் என்று கேட்டேன். இளம்பரிதி கை தூக்கினான். "நான்தாம்மா. பசங்க பாட்டு டி-யில இருந்துச்சு, எனக்கு சி-ய விட்டா வேற எதுவும் வராது. ஏத்தி வெச்சேன், எறக்க மறந்துட்டேன். ஞாயித்துக்கிழமையே வந்து சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்." இத்தனை பேர் முன்னால், தனக்கு வராததையும் சேர்த்துச் சொன்னான். இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்கிறவனையும் நான் முழுக்க நம்பமாட்டேன், ஆனால் என் இடத்துக்குக் குறிவைக்கிறவன் அப்படிப் பேசமாட்டான். பொன்னாடை உன் ஏற்பாடா என்றேன். இன்னா பொன்னாடை என்று விழித்தான்.

அப்போது ஆயரம்மா என் தோளில் கைவைத்து, நல்ல எண்ணத்தில்தான், "காலைல எந்திரிச்சா விரலை மடக்க முடியலையாமே உங்களுக்கு, பாவம், ரெஸ்ட் எடுக்க வேணாமா" என்றார்கள்.

நிஷா, என் விரலைப் பற்றி நான் டாக்டரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆளிடம் சொன்னேன், அதுவும் அவள் விடாமல் கேட்டதால்.

நீ கெட்டது நினைத்துச் செய்திருக்கமாட்டாய். ஆனால் என்னிடம் சொல்லாமல் எனக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிக் கடல் தாண்டி ஆயரம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாய், பாவம் அந்தப் பையனை நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். விரல் வலிப்பது உண்மை. வெந்நீரில் கொஞ்சம் வைத்திருந்தால் எட்டு மணிக்குள் சரியாகிவிடுகிறது, ஆராதனை எட்டரைக்கு. பொன்னாடை வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். கிறிஸ்மஸ் அன்று கீர்த்தனைகளும் பாமாலைகளும் நான் வாசிப்பேன், பிள்ளைகளின் பாட்டை அவன் வாசிப்பான், முடித்ததும் பட்டனைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும், இதற்கு எல்லோரும் சம்மதம்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்மணி போலக் காப்பாராக. மாப்பிள்ளையை வேகமாக வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல். மறக்காமல் இந்த வாரமே ஆயரம்மாவுக்குப் போன் செய், அவசரப்பட்டுவிட்டேன் என்று நீயே உன் வாயால் சொல். கீபோர்டை விட்டு நான் எழுந்து வரும் நாள் ஒன்று வரும், எனக்கும் தெரியும். அதை முதலில் உனக்குத்தான் சொல்வேன். அதைச் சபைக்கு நான் சொல்லும் வரை நீ வாய் திறக்கக் கூடாது.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா,
எஸ்தர் சுந்தரி