சுற்றி முடித்துவிட்டு வருகிறேன் என்றவருக்கு

உங்கள் முகம் அச்சடித்த டீ-சர்ட் ஒன்று என் மடியில் கிடக்கிறது. உறையைப் பிரித்ததும் புது மையின் வாடை கூடம் முழுக்க அடித்தது. முகத்தை முதுகுப் பக்கம் போட்டிருக்கிறார்கள். பொருத்தம்தான். உங்களோடு சைக்கிள் ஓட்டிய நான்கு வருடமும் நான் பார்த்தது முதுகைத்தான். செத்த பிறகாவது அங்கே ஒரு முகம் வந்திருக்கிறது.

முகத்துக்குக் கீழே தெலுங்கில் ஒரு வரி. ‘யாரையும் வழியில் விட்டுப் போகாதவர்’ என்று பொருள்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. வரும் ஞாயிறு உங்கள் நினைவாகச் சித்தூர் சைக்கிள் குழுவினர், நாம் இருவர் மட்டும் ஒருநாள் போன அதே மலையைச் சுற்றப் போகிறார்கள். டீ-சர்ட் கொண்டுவந்த இருவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பவ்வியமாகக் கேட்டார்கள்.

“அண்ணி, கெளம்பறதுக்கு முன்னாடி நீங்க அஞ்சு நிமிஷம் பேசணும். அந்தப் பஞ்சர் கதைய உங்க வாயால சொல்லுங்க. புதுசா சேந்தவங்க கேக்கட்டும்.”

பஞ்சர் கதை. அதன் நிஜம் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

கங்காதர நெல்லூரைத் தாண்டி, மலையடிவாரத்து மாந்தோப்பில் தொடங்கிக் காட்டுக்குள் ஏறி, உச்சியில் மரமே இல்லாத புல்மேட்டைக் கடந்து, மறுபக்கம் இறங்கி, கிளம்பிய தோப்புக்கே வந்துசேரும் வட்டம். உங்களுக்குப் புதுச் சைக்கிள், எனக்கு நீங்கள் கழித்துப்போட்ட பழையது. மாற்று ட்யூபும் பம்பும் உங்கள் பையில். “உனக்கு எதுக்கு வெயிட்டு, நான் கூடவேதான வரப்போறன்” என்றீர்கள்.

கூடவே! இரண்டாவது வளைவிலேயே நீங்கள் கண்ணில் படவில்லை. எங்காவது நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “இன்னா, ஊர்கோலமா வர்ற?” என்பீர்கள். நான் மூச்சிரைத்து வந்து சேரும்போது உங்களுக்கு மூச்சு வாங்கி முடிந்திருக்கும். உடனே பெடலை மிதித்துவிடுவீர்கள். ஓய்வு எப்போதும் முன்னால் போகிறவருக்குத்தான்.

புல்மேட்டில் ஏறியதும் ஈச்சம் முள் ஒன்று என் பின் டயரில் இறங்கியது. செல்போனில் சிக்னல் இல்லை. மொபெட்டில் வந்த காட்டுக் காவலர் ஒருவர் நிறுத்தி, சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இதுல செம்மரம் கட்டிக்கினு போனா ரெண்டு குச்சிகூட ஏறாதேம்மா” என்று சிரித்தார். “வூட்டுக்காரரு முன்னாடி போறாரா? இரு, சொல்லிட்டு வரன்.”

அரைமணியில் அவர் மட்டும் திரும்பி வந்தார்.

“சொன்னம்மா. ‘சுத்தி முடிச்சிட்டு வந்துடறன்’ன்னாரு.” இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தார். “வண்டியில குந்து, கீழ இட்டுக்கினு போய் உட்டுடறன்.”

“வேணாண்ணா. வருவாரு.”

மூன்று மணி நேரம் கழித்து வந்தீர்கள், நாம் ஏறிய பாதையிலேயே. வந்ததும் கேட்டது: “இன்னும் இங்கியேதான் கீறியா?”

பிறகு செல்போனை நீட்டினீர்கள். திரையில் நீங்கள் ஓட்டிய பாதை ஒரு வட்டமாக, முனையோடு முனை சேர்ந்து. “பாதியில திரும்பினா அது ரைடே இல்ல” என்றீர்கள். தோப்பைத் தொட்டதும் பதிவை நிறுத்தியிருந்தீர்கள். என்னைத் தேடி மறுபடி ஏறிய தூரம் அந்தத் திரையில் இல்லை. அது உங்களுக்கு ஒரு தூரமாகவே படவில்லை.

அடுத்த ஞாயிறு, குழுவினர் கூடும் டீக்கடையில் அந்த வட்டத்தை எல்லோருக்கும் காட்டினீர்கள். “அண்ணி, இதுல நீங்க எங்க? அண்ணன் உங்களக் காட்டுலயே உட்டுட்டாரா?” என்று ஒருவன் இளித்தான். மற்றவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை. “பஞ்சர்னு தெரிஞ்சதும் அரைமணியில திரும்பி வந்து ஒட்டிக் குடுத்தாரே. சேந்துதான் சுத்தி முடிச்சோம்” என்றேன். உங்கள் வரைபடத்தில் திரும்பிய கோடே இல்லை என்பதை அந்தச் சூரர்களில் ஒருவனும் கவனிக்கவில்லை. நீங்கள் மறுக்கவில்லை. டீயை ஆற்றிக் குடித்தீர்கள். நான்காவது வாரம் நீங்களே அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தீர்கள், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

கெட்டவர் இல்லை நீங்கள். குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை. இதைச் சொல்லித்தான் இருபது வருடம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். எவ்வளவு மலிவான சமாதானம்! இந்தப் பொய்யில் என் பங்கை நானே ஏற்றுக்கொள்கிறேன். அந்த டீ-சர்ட் வாசகத்தை முதலில் எழுதியவள் நான்தானே.

அதனால் இன்று அவர்களிடம் சொன்னேன். “அவரு திரும்பி வரல. தெரிஞ்சுதான் வரல. நான் சொன்னது பொய்.”

ஒருவன் என் மடியிலிருந்த டீ-சர்ட்டைப் பார்த்தான். “அண்ணி... டீ-சர்ட்டு நாப்பது அடிச்சாச்சே.”

“இருக்கட்டும். முதுகுலதான கீது, போட்டுக்கினவன் கண்ணுக்குத் தெரியாது. ஆனா நான் மைக்கப் புடிச்சா இதத்தான் பேசுவன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்போ நீங்க குத்துவிளக்கு மட்டும் ஏத்திடுங்க அண்ணி.”

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன். உங்களிடம் இதையெல்லாம் உயிரோடிருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் புல்மேட்டில் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. முதலில் உங்களைத் திட்டினேன். திட்டுவதற்குச் சொல் தீர்ந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டுப் பாறையில் கால் நீட்டினேன். மஞ்சம்புல் மேடு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. கூப்பிட யாருமில்லை, பரிமாறக் காத்திருக்கும் தட்டில்லை. கல்யாணமாகி அப்படி ஒரு பகலை நான் கண்டதில்லை. நன்றாகத் தூங்கியும் போனேன். உங்கள் சைக்கிள் சத்தம் கேட்டபோது, ‘அதற்குள்ளாகவா’ என்றுதான் தோன்றியது.

நான் சொன்ன பொய்யில் நீங்கள் அரைமணியில் வந்துவிடுகிறீர்கள். அந்தக் கதையில் பாறை இல்லை, காற்று இல்லை, என் தூக்கம் இல்லை. உங்கள் மானத்துக்காக என் கையாலேயே அந்தப் பகலை அழித்துவிட்டிருந்தேன். இன்று திரும்பக் கிடைத்தது. உங்களுக்கு நன்றி சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். சொல்ல மாட்டேன். அந்த மூன்று மணி நேரத்தை நீங்கள் எனக்குத் தரவில்லை. விட்டுவிட்டுப் போனீர்கள். நான் எடுத்துக்கொண்டேன்.