கன்னத்துச் சிவப்பு

என்னவனே,

நான் நலம். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று துனிஸில் விமானம் ஏறும்போதே, எங்கள் பணிப்பெண் குழுவில் புதிதாகச் சேர்ந்த யுஸ்ராவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வெளியே தெரிந்தால் அவள் வேலை போய்விடும். "கன்னத்துல சிவப்பு பூசுங்கடி, கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கட்டும்," என்றாள் கூட வேலை செய்யும் ரஃப்லா. சிரித்துக்கொண்டே பூசிவிட்டோம். ஜித்தாவில் இறங்குமுன் யுஸ்ராவுக்கு நினைவு தப்பியது. இப்போது ஆஸ்பத்திரியில் தனியறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்று நாங்கள் ஊர் திரும்ப வேண்டும். காலையில் எனக்கும் உடம்பு கொதித்தது. ரஃப்லா அதே சிவப்பு டப்பாவோடு ஹோட்டலில் என் அறைக்கு வந்தாள். "அக்கா, அசையாம இரு. எப்படியாவது உன்னை வீட்டுல சேத்துடறேன்."

நம் பாப்பாவின் முகம் கண்முன் வந்தது. பூசியதைக் கழுவிவிட்டு, மருத்துவரை அழைத்தேன். என்னையும் இங்கேயே நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தை ரஃப்லா நம் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அவளை உள்ளே கூப்பிடாதே. படித்ததும் கையை நன்றாகக் கழுவு. அப்புறம் பாப்பாவைத் தூக்கு.

உன் மனைவி