ஒரே ஒரு மைனஸ்

மார்ச் 3, 2025
கணினியில் கணக்கு முடிந்தது. பழுப்பு நிலக்கரியில் இருக்கும் ஒரு மூலக்கூறு, தண்ணீரில் கலந்த பாதரசத்தை இரண்டு கையாலும் சமமாகப் பிடித்திருக்கிறது. நிலையான வடிவம் கிடைத்துவிட்டதாகத் திரை சொல்கிறது. என் வழிகாட்டி சக்கரபாணி சார் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார்: 'இரு கைப் பிடி'. அது வெளிவந்தால்தான் நான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். ஐந்து வருஷம்.

மார்ச் 5
சந்தேகத்தில் அந்த வடிவத்தின் அதிர்வெண்களைப் பார்த்தேன். எல்லாம் பிளஸாக இருந்தால்தான் அது ஆற்றல் பள்ளத்தின் அடி. முதல் வரியே −41. அப்படியென்றால் நிற்பது பள்ளத்தில் இல்லை, மேட்டின் முதுகில். தட்டினால் உருளும்.

தப்பு என்னுடையது. தொடக்கத்தில் இடமும் வலமும் ஒன்றுபோல, கோலம் மாதிரி வரைந்து கொடுத்தேன். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நடுவிலேயே நின்றுவிட்டது.

மார்ச் 6
சாரிடம் காட்டினேன்.
"ஒரே ஒரு மைனஸ்தானம்மா. அந்த டேபிள கட்டுரைல போடாம விட்டுடு."
"ஒண்ணு இருந்தாலே அது பள்ளம் கெடையாது சார்."
"கான்ட்ராக்ட் லேபர் பொண்ணுதான நீ? சங்கம் வைக்கிற புத்தி போகாது."

அப்பா பத்தொன்பது வருஷமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். அவரும் அசையாமல்தான் நிற்கிறார். பார்ப்பவர்கள் அதை நிலையான வேலை என்கிறார்கள்.

மார்ச் 8
மைனஸ் காட்டும் திசையில் பாதரசத்தைக் கொஞ்சம் நகர்த்திவைத்து, வீட்டுக் கணினியில் மறுபடி ஓட்டினேன். பதினோரு மணி நேரம் ஓடியபின் கரண்ட் போனது. அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரிகிற ஊரில்.
அப்பா: "நாடே நம்ம கரில எரியுது. ஒம் பொட்டி மட்டும் அணைஞ்சிகினு கெடக்குது."

மார்ச் 11
மைனஸ் இல்லை. ஆற்றல் இன்னும் கீழே. பாதரசம் ஒரே கையில் தொங்குகிறது, மறு கை சும்மா. தலைப்பு காலி.

மார்ச் 14
புது முடிவைக் காட்டியும் சார் பழையதையே ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார். என் பெயர் மூன்றாவது. இரண்டாவது பெயர் கல்லூரி முதல்வருடையது — அவர் வரலாற்றுத் துறை. என் பெயரை எடுக்கச் சொல்லி எழுதினேன். பத்து நிமிஷத்தில் எடுத்தார். ஐந்து வருஷத்தில் அவர் வேகமாகச் செய்து கொடுத்த ஒரே வேலை.

ஏப்ரல் 2
குறிஞ்சிப்பாடியில் டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு. இதுதான் என் பள்ளமா?

ஜூன் 27
சார் ஃபோன் செய்தார். கட்டுரையைப் பரிசீலித்தவரின் முதல் கேள்வி: அதிர்வெண்கள் எங்கே?
"செவ்வந்தி, அந்த ஃபைல அழிச்சிடலியே? புதுசா எழுதிடலாங்க. உங்க பேர் முதல்ல."
முதல் 'ங்க'.

இரண்டு ஃபைலையும் அனுப்பினேன். மைனஸ் அட்டவணையில் இருக்க வேண்டும், முதல்வர் இருக்கக் கூடாது என்றும் எழுதினேன். சரி என்று பதில் வந்தது.

அப்பா: "அப்ப பர்மனெண்ட்டா?"
"இல்லப்பா. தட்டிப் பாத்தாங்க, உருளல. அவ்ளோதான்."