நூறு முடி நாற்று

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, சினையாக இருக்கும் செவலைப் பசு, மூன்று பேரும் சுகம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை இனியவனும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா என்று மறக்காமல் எழுது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தைத் தூக்கினாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் ஆரம்பிக்கும்போதே, விடும்மா, மன்னிச்சிடும்மா என்று நடுவில் புகுந்துவிடுவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி.

ஆற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது, எல்லாரும் சம்பா நாற்று விட்டுவிட்டார்கள். நம் மூன்று மா நிலத்தை இந்த வருஷமும் அப்துல் ஹமீது அண்ணன்தான் செய்கிறார், மெஷின் நடவு வேண்டாம் என்று பழையபடி நாற்றங்கால் போட்டிருக்கிறார், இது பின்னால் வேண்டியிருக்கும், ஞாபகம் வைத்துக்கொள். அப்பாவுக்கு இரண்டாவது கண்ணும் ஆபரேஷன் முடிந்து நன்றாகத் தெரிகிறது. ஒரு மாசம் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால்தானே நீ போனில் அந்த ஒலிப்புத்தகங்களைப் போட்டுக் கொடுத்தாய், தன்னம்பிக்கை, முன்னேற்றம் என்று ஏழெட்டு. அப்பா கூடத்தில் சத்தமாக வைத்துக் கேட்பார், நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். ஒன்று, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்றது. நான் நாற்பது வருஷமாக நாலு மணிக்கு எழுந்து பால் கறக்கிறேன், இதுவரை மாறியது பசு மட்டும்தான். இருந்தாலும் குறை சொல்லவில்லை, சில நல்ல யோசனைகளும் இருந்தன, அவற்றை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பண்ணை வீட்டு மணவழகன் எழுதி அவனே பேசிய புத்தகத்தை, நம்ம ஊர்க்காரரும்மா, அவசியம் கேளுங்க என்று நீதான் அனுப்பினாய். நாலாம் அத்தியாயம் வரை நீ ஒழுங்காகக் கேட்டாயா, இல்லை எல்லாவற்றையும் கேட்பது போல ஒன்றரை வேகத்தில் ஓட்டிவிட்டாயா தெரியாது. நாங்கள் சாதாரண வேகத்தில் கேட்டோம். பின்னால் புல்லாங்குழல் வாசிக்க அவன் சொல்கிறான், இளம் வயதில் ஒரு முக்கியமான நேர்காணலுக்குக் கிளம்பி நின்றானாம், அவன் அப்பா, நூறு முடி நாற்று கட்டிப் போட்டுவிட்டுப் போ என்றாராம், அவனும் கட்டிப் போட்டுவிட்டு முழங்கால் சேற்றோடு வாய்க்கால் கரையில் ஓடி, கிளம்பிய ரெயிலில் தொற்றிப் போய் வென்றானாம். உழைப்பின் அருமையைக் கற்றுக்கொடுத்த என் தந்தை என்று அங்கே குரல் வேறு தழுதழுக்கிறது. எனக்குக் கையில் இருந்த கீரை அப்படியே நின்றுவிட்டது. அது யார் கதை வாணி? ஆசிரியர் பயிற்சி நேர்காணலுக்குக் கிளம்பிய உன் அப்பாவை நாற்றங்காலில் நிறுத்தி, நூறு முடி பறிச்சுப் போட்டுட்டு எங்க வேணா போடா என்று சொன்னது அவன் அப்பன் பெரிய பண்ணை. அப்போது இந்த மணவழகனுக்கு ஆறு வயசு, அரைஞாண் கயிறோடு களத்தில் ஓடிக்கொண்டிருந்தான். உன் அப்பாவின் முதுகையும் எடுத்துக்கொண்டு, அதன் மேல் ஏறி நின்ற தன் அப்பனுக்கு மாலையும் போட்டுவிட்டான். அப்பா போனை நிறுத்திவிட்டுப் போய்ப் பசுவுக்குத் தண்ணீர் காட்டினார். அரை மணி முன்னால்தான் காட்டியிருந்தார்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். அப்போதுதான் சொன்னாய், அவன் கம்ப்யூட்டரில் நடத்திய வகுப்பில் உன் வாழ்க்கையில் உன்னை உருவாக்கிய சம்பவத்தைச் சொல் என்றபோது நீதான் நானூறு பேர் முன்னால் அதைச் சொன்னாய் என்று. ஊர்ப் பெயரைச் சொல்லியும் அவன் முகம் மாறவில்லையாம், புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளட்டுமா, உன் அப்பா பெயரைப் போடுகிறேன் என்றானாம், நீ சரி என்றாயாம். அவன் போடவில்லை. அதற்கும் நீ என்னிடம் என்ன சொன்னாய்? யார் பேர்ல இருந்தா என்னம்மா, நாலு பேருக்கு நல்லது நடந்தா சரி, கோபம் நம்மளத்தான் அரிக்கும் என்றாய். என்னை ஒன்றும் அரிக்கவில்லை. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன், என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத் தூங்கினேன்.

புத்தகம் சொன்னபடியே செய்தேன். இலக்கைத் தாளில் எழுதித் தினமும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டு என்றார்களே, மணவழகன் என்று கொட்டை எழுத்தில் எழுதி அரிசி டிரம்மில் ஒட்டினேன். காலையில் கண்ணை மூடி, நடக்கப்போவதைப் படம் மாதிரி பார் என்றார்களே, பால் கறக்கும்போது அவன் முகம் கறுத்துப்போவதைப் பார்த்தேன். இருபத்தொரு நாள் விடாமல் செய்தால் பழக்கமாகும் என்பது உண்மைதான். அப்பா டிரம்மைப் பார்த்துவிட்டு, விடு அம்சம், அந்தப் பெரியவரே போய்ச் சேந்துட்டாரு, இனி யார்கிட்ட என்ன இருக்கு என்றார். உங்களுக்கு வேண்டாம் என்றால் சும்மா இருங்கள், எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இதற்கு நடுவில் நம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு அவன்தான் சிறப்பு விருந்தினர் என்று நோட்டீஸ் வந்தது, கீழே பார்த்தால், பொன்னாடை அணிவிப்பவர் முன்னாள் தலைமையாசிரியர் வீரையன் என்று போட்டிருக்கிறது. எப்படி இருக்கும் எனக்கு? அவனுக்கு உன் அப்பா கையால் பொன்னாடை!

அவனை எதில் பிடிப்பது என்பதை அவன் வாயாலேயே சொல்லியிருந்தான். நாலாம் அத்தியாயத்தில் அரிவாளை எடுத்து நாற்றை அறுத்து அறுத்து முடி கட்டினேன் என்கிறான். நாற்றை யாராவது அறுப்பார்களா? வேரோடு பறித்து, சேற்றை அலசிக் கட்டுவதுதானே முடி, அறுத்தால் மாட்டுக்குப் போடலாம், வயலில் நட முடியுமா? உன்னைச் சொல்லவில்லை, நீ பறித்ததாகத்தான் சொல்லியிருப்பாய், அரிவாள் அவன் சொந்தச் சரக்கு. விழாவன்று காலையில் ஹமீது அண்ணன் நாற்றங்காலில் நானே இறங்கி ஒரு முடி அளவுக்கு நாற்றுப் பறித்தேன், கட்டவில்லை, உதிரியாகவே ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், முடி கட்ட இரண்டு வைக்கோல் பிரியும் கூட வைத்தேன். நடவுக்குப் போகும் பெண்கள் பதினைந்து பேரைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் கரண்டி பிடித்த பள்ளிக்கூடம், என்னை யார் தடுப்பார்கள்?

அவன் முக்கால் மணி பேசினான். நூறு முடிக் கதையையும் அந்த அரிவாளை விடாமல் சொன்னான். பிள்ளைகள் கை தட்டினார்கள். பொன்னாடைக்குத் தலைமையாசிரியை ஃபஹ்மிதா அப்பாவைக் கூப்பிட்டதும் அப்பா எழுந்திருக்கவில்லை, நான் பையோடு மேடை ஏறிவிட்டேன். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, தம்பி, உங்க புத்தகத்த எங்க வீட்ல கேட்டோம், இப்பல்லாம் மெஷின் நடவு, எங்க புள்ளைங்க நாத்து முடியே பார்த்ததில்ல, நூறு கட்டுன கையால ஒண்ணே ஒண்ணு கட்டிக் காட்டுங்க என்று சொல்லிச் சாக்கை மேஜை மேல் விரித்தேன். சிரித்துக்கொண்டேதான் எடுத்தான். நாற்றை அள்ளினான், பாதி வேர் மேலேயும் பாதி வேர் கீழேயுமாக வந்தது, சேறெல்லாம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. பிரியை வைத்துச் சாப்பாட்டுப் பொட்டலம் மாதிரி சுற்றி முடிச்சுப் போட்டுத் தூக்கினான், மொத்தமும் அவன் ஷூ மேல் கொட்டியது. முன்வரிசையில் யாரோ, தம்பி, அருவா வேணுமா என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், கொட்டகையே சிரித்தது. நான் இருபத்தொரு நாள் கண்ணை மூடிப் பார்த்த முகம் அப்படியே எதிரில் நின்றது. பொய் சொல்ல மாட்டேன் வாணி, உன் கல்யாணத்தன்றுகூட எனக்கு வயிறு அப்படிக் குளிர்ந்ததில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் உனக்குப் போனிலேயே சொல்லியிருப்பேன். அப்பா எழுந்து மேடைக்கு வந்தார். கீழே குனிந்து நாற்றையெல்லாம் பொறுக்கினார், வேரை உள்ளங்கையில் தட்டிச் சமமாக்கினார், ஒரு பிரியை எடுத்து ஒரு சுற்று, ஒரு முறுக்கு, கண் மூடித் திறப்பதற்குள் முடி கட்டியாகிவிட்டது. அதை மணவழகன் கையில் கொடுத்துவிட்டு மைக்கில் சொன்னார், நூறு முடி பறிச்சது நான், பறிக்கச் சொன்னது இவங்க அப்பா. பறிச்சு முடிச்சிட்டுத்தான் ஓடுனேன். ரெயில் போயிடுச்சு. அந்த வருஷம் எனக்கு இடம் கிடைக்கல, அதே நாத்தங்கால்ல இன்னொரு வருஷம் நின்னேன். அடுத்த வருஷம் யாரையும் கேக்காம போனேன். இவ்வளவுதான் சொன்னார். கீழே இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். மணவழகன், சார்தான் எனக்கு இன்ஸ்பிரேஷன் என்று ஏதோ சொல்லப் பார்த்தான், யாரும் காது கொடுக்கவில்லை, சாப்பிடாமல் கார் ஏறினான். கார் மதகுப் பக்கம் திரும்பும்வரை நின்று பார்த்தேன். ஆனால் பாதி சந்தோஷம் போய்விட்டது. நாற்பது வருஷம் கூட இருந்த எனக்கே அந்த ரெயில் போனது தெரியாது.

இரண்டு நாள் அப்பா சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவராகவே ஆரம்பித்தார். நீ சொல்லிக்கொடுத்தபடி போனில் அந்த மைக் படத்தை அழுத்தி மேஜையில் வைத்துவிட்டேன், அவரும் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் இத்தனை வருஷம் ரெயிலைப் பிடித்ததாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். உனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின நாள் நீ சாப்பிடாமல் பயந்து அழுதாயாம், எவ்வளவு படிச்சும் போச்சுன்னா என்னப்பா பண்றது என்று கேட்டாயாம். அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்தக் கதையை வாய் திறந்து சொன்னாராம், ரெயிலிடம் வந்ததும் உன் முகத்தைப் பார்த்தாராம், போய்விட்டது என்று சொல்ல மனசு வரவில்லையாம், பிடிச்சிட்டேம்மா என்று சொல்லிவிட்டாராம். நீ எழுந்து சாப்பிட்டாயாம். பிறகு எல்லாரிடமும் அதையே சொல்லும்படி ஆகிவிட்டது என்றார். உனக்காகவே சொன்ன அந்த ஒரு பொய்யைத்தான் வாணி, நீ முன்பின் தெரியாத நானூறு பேரிடம் கொண்டுபோய்க் கொட்டினாய், அவன் பெயரைப் போடாவிட்டாலும் பரவாயில்லை என்றாய்.

அவன் கணக்கு தீர்ந்தது. உன்னுடையது தீரவில்லை. அந்தப் பதிவை இன்று உனக்கு அனுப்பியிருக்கிறேன், முப்பத்தெட்டு நிமிஷம். ஒன்றரை வேகத்தில் ஓட்டக் கூடாது, சமைத்துக்கொண்டோ பஸ்ஸில் போய்க்கொண்டோ கேட்கக் கூடாது. ரெயில் போன இடத்தில் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார், முடிந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடாதே, இரண்டு நிமிஷத்துக்கு மின்விசிறிச் சத்தமும் நான் மூக்கைச் சிந்துவதும்தான் இருக்கும், அதையும் கேள். கேட்டு முடித்ததும் எனக்குப் போன் போடாதே, அப்பாவுக்குப் போடு.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, பேரனுக்கு முத்தம், நோய் நொடி இல்லாமல் மூன்று பேரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மகாலிங்க சுவாமியை வேண்டிக்கொள்கிறேன். வடகமும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சலில் வருகிறது, ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. அரிசி டிரம்மில் இருக்கிற தாளை நான் கிழிக்கவில்லை. அவன் பெயரை அடித்துவிட்டு, கீழே உன் பெயரை எழுதியிருக்கிறேன். நீ அப்பாவிடம் பேசும் அன்றைக்கு அதையும் அடிக்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்சம்.