ஒன்பது அடையாளங்கள்

9.11.2008, ஞாயிறு

இன்று ஜெராக்ஸ் மிஷினின் கண்ணாடிமேல் என் மானத்தைக் கவிழ்த்து வைத்து, மூடியையும் மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வயது ஐம்பத்திரண்டு. பதினாறு வருடமாக இந்தத் துபாய்ப் பள்ளியின் தேர்வுப் பிரிவில் நகலெடுப்பதுதான் பிழைப்பு. நகலை எடுத்துக்கொண்டு மூலத்தை மறந்துவிட்டுப் போகும் டீச்சர்களைப் பார்த்து இத்தனை காலம் சிரித்தவன் நான்.

மறந்த காகிதம் என்ன? இந்த வருடம் ஊரிலிருந்து ஆறு புது வாத்தியார்கள் வந்திருக்கிறார்கள். ஆறு பேரும் ஒரே கல்லூரி. அந்தக் கல்லூரியை நடத்துவது மௌனச்சுடர் சபை. தினம் ஒரு மணி நேரம் விளக்குக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், அதுதான் அவர்கள் வழிபாடு. என்னைப் போன்றவனுக்கு இதைவிடக் கொடுமையான மதம் உண்டா? ஆகவே ஒரு பக்கம் டைப் அடித்தேன். ‘மௌனச்சுடர்காரரைக் கண்டுபிடிக்க ஒன்பது அடையாளங்கள்’. இங்கே எல்லா மாநிலத்தாருக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷில்.

நான்காவது: லீவு நாளான வெள்ளிக்கிழமை காலை ஆறு பேரும் வெள்ளை உடுத்தி ஒரே காரில் ஏறிக் காணாமல் போவார்கள். ஏழாவது: சாப்பிடும்போது வாய் மெல்லும், பேசாது. ஒன்பதாவது: இன்கிரிமென்ட் கேட்க மாட்டார்கள். இவர்கள் ஏதோ மதம் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

கடைசியில் ஒரு குறும்பு. பழக்கதோஷம் என்றும் சொல்லலாம். கீழே ‘ட்ரூ காப்பி’ ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினேன். பள்ளி முத்திரையோடு.

பள்ளிக்குள் யூனிஃபார்மும் நோட்டும் விற்கும் சதக்கத்துல்லா பாய்க்கு ஒரு காப்பி. விழுந்து விழுந்து சிரித்தார். “சாமி, ஒமக்கு இந்தச் சபை சங்கதியெல்லாம் எப்படி இவ்வளவு தெரியும்?” என்றார். எனக்குத் தெரியாத வம்பு துபாயில் உண்டா என்றேன்.

மூலம் மிஷினில்.

10.11.2008

காலை ஆறேகாலுக்கே போய் மூடியைத் திறந்தேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. காகிதம் இல்லை.

13.11.2008, வியாழன்

பாய் கடைப்பக்கம் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பேசினார். இது அவரிடம் கெட்ட சகுனம்.

“சாமி, ஒம்ம காயிதம் கராமாவுல ஓட்டல் ஓட்டலா சுத்துது. நேத்து ஒருத்தர் எனக்கே ஒரு காப்பி தந்து, பாய் இதப் படிங்க, நம்ம புள்ளைங்கள மதம் மாத்துறானுங்கன்னாரு.”

“நீர் என்ன சொன்னீர்?”

“நான் என்னத்தச் சொல்ல? அப்படியா, அல்லாஹ்ன்னேன். சிரிப்ப அடக்குறதுக்குள்ள உசிரு போச்சு. ஆனா அவரு சிரிக்கல, சாமி.”

சிரிக்கவில்லையா? ஏன்? ஒன்பதாவது அடையாளத்துக்குக்கூடவா?

19.11.2008

மனைவி பானு கட்டிக் கொடுத்த தயிர்சாதம். சாப்பாட்டு அறையில் கணக்கு வாத்தியார் அழகுமலை பக்கத்தில் உட்கார்ந்தார். நத்தம் பக்கம் ஊர், இருபத்தொன்பது வயது, ஆறு பேரில் மூத்தவர். என் மகள் சந்தியாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அவர்தான் கணக்கு. கணக்கென்றால் அழுதவள் இப்போது கணக்கைப் போட்டுவிட்டுச் சாப்பிட வருகிறாள்.

சாப்பிட்டு முடித்ததும் என் டிபன் பாக்ஸையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். வேண்டாம் என்று சொல்லலாம்தான். நான் பிறந்ததிலிருந்து ஒரு பாத்திரம் கழுவியதில்லை. துடைத்துக் கொடுக்கும்போது லேசாகச் சிரித்து, “சார் மன்னார்குடியா?” என்றார்.

நான் மன்னார்குடி என்று இவரிடம் யார் சொன்னது? பதினாறு வருடமாகத் தஞ்சாவூர் என்றுதான் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

இவர்களிடம் நம்மைப் பற்றி ஏதாவது ஃபைல் இருக்கிறதோ? விளையாட்டாக எழுதினேனே, அது நிஜமோ?

சே. அப்படி இருந்தால் என் காகிதம் பொய்யில்லை, ரொம்ப நல்லது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

4.12.2008, வியாழன்

வந்துவிட்டது.

எங்கள் பள்ளி ஒரு முதலாளியின் பள்ளி இல்லை. அல் கூஸ் பகுதியில் இந்த நிலம் அரசாங்கம் இனாமாகக் கொடுத்தது. நடத்துவது நம் ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டி. எந்த மத அமைப்புக்கும் உள்ளே இடமில்லை என்பது அனுமதிக் காகிதத்தின் இரண்டாவது வரி. அந்தக் காகிதத்தை நூறு தடவை நகலெடுத்திருக்கிறேன், ஒரு தடவை படித்திருக்கலாம்.

பெற்றோர்கள் நாற்பத்தொரு பேர் கையெழுத்திட்டுக் கல்வி அதிகாரிகளிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். இணைப்பு ஒன்று: ‘பள்ளியின் ரகசிய உள் ஆவணம்’.

ரகசிய உள் ஆவணம்! ஸ்டாம்ப் குத்தியிருக்கிறதே.

கமிட்டிச் செயலாளர் பாண்டித்துரை கூப்பிட்டு விட்டார். பக்கத்துத் தெருவில் ஏ.சி. டக்ட் தகரக் குழாய்கள் செய்யும் கோடவுன் வைத்திருப்பவர், மதுரைக்காரர். காகிதத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினார். “சீனிவாசன் சார், இந்த ஸ்டாம்பு மூணு எடத்துல இருக்கு. பிரின்சிபல் ரூம், அக்கவுண்ட்ஸ், உங்க செக்‌ஷன். யாரு வேலன்னு நெனைக்கிறீங்க?”

“அக்கவுண்ட்ஸில் ஆள் மாறியிருக்கிறார்கள்...” என்றேன். கடவுளே. அந்த மங்களூர்க்காரப் பையன் எனக்குத் தினம் குட் மார்னிங் சொல்கிறவன்.

விசாரணை வைக்கப் போகிறார்கள். மினிட்ஸ் எழுத, நிதானமான, நம்பகமான, வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடிய மூத்த ஊழியர் ஒருவர் வேண்டுமாம்.

என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

5.12.2008

தூக்கம் இல்லை. பானு “ஏன்னா, வாயுவா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

22.12.2008

ஊரெல்லாம் வேலை போகிற பேச்சு. எங்கள் கட்டடத்தில் மூன்று ஃப்ளாட் காலி. இந்த நேரத்தில் என் விசா போனால் சந்தியா பரீட்சை எங்கே எழுதுவாள்? பள்ளியின் அனுமதியே போனால்? ஆறு பேரையும் அனுப்பினால்?

மூன்றுக்கும் காரணம் ஒரே ஆள். அவன் கண்ணாடியில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தான்.

11.1.2009, ஞாயிறு

விசாரணை நடந்தது. இரண்டே முக்கால் மணி நேரம்.

நான்காவது அடையாளத்தில் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை வெள்ளை உடையில் எங்கே போகிறீர்கள்? ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “கிரிக்கெட் சார்” என்றார் அழகுமலை. டயர் கோடவுனுக்குப் பின்னால் மணல் திடல், காலை ஆறரைக்கு. டீமுக்குப் பெயரும் இருக்கிறது. பதினொரு ஆட்டத்தில் பத்து தோல்வி. பாண்டித்துரையின் தம்பி எதிர் டீம் கேப்டனாம், அவர் பெயரைச் சொன்னதும் அடுத்த அடையாளத்துக்குப் போய்விட்டார்கள்.

ஒரே கல்லூரியிலிருந்து ஆறு பேர் எப்படி வந்தார்கள்? வாத்தியார்கள் செயலாளரைப் பார்த்தார்கள். செயலாளர் ஏ.சி.யைப் பார்த்தார். இந்தச் சம்பளத்துக்கு வேறு எந்தக் கல்லூரியும் ஆள் அனுப்பவில்லை, அங்கே எழுதிக் கேட்டதே அவர்தான். மினிட்ஸில் இதை எப்படி எழுதுவது? ‘நியமனம் முறைப்படி நடந்தது’ என்று எழுதினேன்.

நீங்கள் சபை உறுப்பினர்களா?

“உறுப்பினர்னா நம்பர் குடுப்பாங்க சார். எங்களுக்கு நம்பரெல்லாம் இல்ல. நாங்க இலவச ஹாஸ்டல் பசங்க” என்றார் அழகுமலை. ஹாஸ்டலில் சாப்பிடும்போது பேசக் கூடாதாம், அந்தப் பழக்கம் விடவில்லையாம்.

“அப்ப தொடர்பு இல்லைன்னு சொல்லுங்க” என்றார் செயலாளர்.

“ஒம்பதாவதுலேர்ந்து காலேஜ் முடிக்கிற வரைக்கும் அவங்கதான் சார் சோறு போட்டாங்க. அது தொடர்புன்னா தொடர்புதான்.”

நான் தலையைத் தூக்கவில்லை. பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பால்பாயிண்ட் பேனா.

‘ஆறு பேரில் எவருக்கும் உறுப்பினர் எண் இல்லை’ என்று மினிட்ஸில் எழுதினேன். இன்றைக்கு நான் எழுதிய ஒரே நேர்மையான வரி.

14.1.2009, புதன்

பொங்கல். பானு பண்ணியிருந்தாள். இனிப்பே தெரியவில்லை.

அதிகாரிகளுக்குக் காட்ட, எல்லா ஊழியரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும் என்று முடிவு. வாசகம் தயாரித்தது யார்? நான்தான். ‘எனக்கு எந்தச் சமய அமைப்போடும் தொடர்பு இல்லை’ என்று கொடுத்தார்கள். சட்டக் காகிதத்துக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா? ‘இப்போதும், முன்பு எப்போதும்’ என்று சேர்த்தேன். பாண்டித்துரை, “ஆகா, வக்கீல் மாதிரி எழுதுறீங்களே” என்றார். பூரித்துப்போனேன். முன்மாதிரியாக முதல் கையெழுத்தும் போட்டேன்.

ஐந்து பேர் போட்டுவிட்டார்கள். அழகுமலை போடவில்லை.

“இப்போ இல்லைன்னு எழுதுங்க சார், போடறேன். முன்ன இல்லைன்னு எப்படிப் போடறது?”

“ஒரு கையெழுத்துதானே தம்பி?”

“சாப்பிட்டத சாப்பிடலைன்னு சொல்ல வரல சார்.”

‘முன்பு எப்போதும்’ என்ற இரண்டு வார்த்தையை நான் சேர்க்காமல் இருந்திருந்தால்?

17.1.2009, சனி

கோடவுனுக்குப் போனேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று. பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

“சார், அந்தக் காகிதம்... அது தமாஷுக்கு...”

பாண்டித்துரை தகரம் வெட்டும் மிஷினை நிறுத்தச் சொன்னார். “நீங்க எழுதுனதுதானே? முதல் நாளே தெரியும். இன்கிரிமென்ட்ட பத்தி வேற யாரு எழுதுவா?”

“அப்படியானால் அழகுமலையை...”

“கேளுங்க சார். தமாஷுன்னு இப்ப நான் போய்ச் சொன்னா, தமாஷுக்கா கமிட்டி போட்டீங்கன்னு கேப்பாங்க. ஒருத்தர் போனாதான் கேஸ் மூடும். இல்லாட்டி பள்ளிக்கூடம் மூடும். பாப்பாவுக்கு இந்த வருசம் போர்டு எக்ஸாம்ல? கலாஸ், முடிஞ்சுது, விடுங்க. டீ சாப்பிடுறீங்களா?”

சாப்பிட்டேன். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. டீ நன்றாக இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. நான் சொல்லியாயிற்று, அவர்தான் கேட்கவில்லை — இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீடு இருக்கும் கராமா வருவதற்குள் அதை நானே நம்பிவிட்டேன். என்ன பிறவி நான்?

18.1.2009

சந்தியாவிடம் சொன்னேன், வாத்தியார் போகிறார் என்று மட்டும். “வாட்? எக்ஸாமுக்கு சிக்ஸ் வீக்ஸ் இருக்கு அப்பா! ஹூ டிட் திஸ்?” என்றாள்.

கமிட்டி என்றேன்.

29.1.2009, வியாழன்

அழகுமலை இன்று போய்விட்டார். விசா கேன்சல் ஆகிவிட்டது, மத்தியானம் திருச்சி விமானம். பாய் தன் வேனில் பெட்டியை ஏற்றினார். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே இருந்தேன். விலைவாசி, வெயில், நத்தத்தில் மழை உண்டா. பேச்சை நிறுத்தினால் வேறு ஏதாவது வாயிலிருந்து வந்துவிடும் என்று பயம். பாய் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

இறங்கும்போது அழகுமலை ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். இருநூறு பக்கம், முழுக்கப் போட்டு முடித்த கணக்குகள். “பாப்பாவுக்கு சார். இன்டக்ரேஷன இன்னொரு தடவ திருப்பிப் பாக்கச் சொல்லுங்க.”

அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களும் பாத்திரத்த ஒரு நாளாச்சும் நீங்களே கழுவிப் பாருங்க சார்” என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

போகும்போது இது ஒரு குத்தல். போகட்டும், அவருக்கு உரிமை உண்டு.

திரும்பும்போது பாய், “அவருக்குத் தெரியுமா சாமி, ஒம்ம காயிதம்னு?” என்றார்.

“தெரியாது.”

“நீர் சொல்லலையா?”

வேனில் ஏ.சி. சரியாக இல்லை என்றேன்.

16.3.2009

கணக்குப் பரீட்சை. சுலபம் என்றாள். நோட்டிலிருந்து நான்கு கணக்கு அப்படியே வந்ததாம்.

10.4.2009, வெள்ளி

பானுவும் சந்தியாவும் ஊருக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. கல்லூரி அலைச்சல். நாளை மறுநாள் புது வகுப்புகளுக்குப் பள்ளி முழு வேகத்தில் தொடங்குகிறது. அதிகாரிகளிடமிருந்து கடிதம் வந்துவிட்டது: எந்த அமைப்புடனும் தொடர்புடைய எவரும் தற்போது பள்ளியில் இல்லை என்பதில் திருப்தி. கோப்பு மூடப்பட்டது. நகலெடுத்து நோட்டீஸ் போர்டில் நானே ஒட்டினேன். இந்த முறை மூலத்தை மறக்கவில்லை.

தொட்டியில் பாத்திரம் குவிந்து நாற்றம். வேறு வழியில்லாமல் கையைப் போட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவை. டிபன் பாக்ஸைத் தேய்த்துக் கவிழ்த்தபோது அடியில் விரலுக்குச் சொரசொரப்பாக ஏதோ தட்டுப்பட்டது. நம் ஊர் எவர்சில்வர் கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவார்களே, அது.

வளைகுடாவுக்கு வருவதற்கு முன்னால், பொருட்காட்சி ஸ்டாலில் ஒரு படிவம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் இந்த டிபன் பாக்ஸ் இலவசம் என்றார்கள். ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தார்கள், ரயிலில் படித்தேன். சபையைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று பாய் கேட்டாரே.

விளக்கடியில் பிடித்துப் படித்தேன்.

‘மௌனச்சுடர் சபை, மன்னார்குடி கிளை. ஆயுள் உறுப்பினர் ஸ்ரீனிவாசன். எண் 4.’