மாமா சித்தியான தீபாவளி

அக்கா,

இன்று காலை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு கடையில் பாண்டான் இலை மணக்கும் பச்சைக் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ சுடும் கேக்கின் அதே வாசனை. உன் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே பொறாமையும் வந்தது. நீ போய் இரண்டு வருஷமாகியும் அது மட்டும் போகவில்லை.

தம்பி என்று நாம் வளர்த்த நம் கடைக்குட்டி, தான் ஒரு பெண் என்பதை முதலில் உன்னிடம்தான் சொன்னாள். டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் இரண்டு மணி நேரம் நின்று பேசினீர்களாம். எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் வைத்துக்கொண்ட மீனா என்ற பெயரைக்கூட நீ சொல்லித்தான் கேட்டேன். அவளைப் பற்றிய கவலையைவிட, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்ற எரிச்சல்தான் எனக்கு அதிகம். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

அந்தத் தீபாவளிக்கு உன் வீட்டுக்கு அவள் முதன்முறையாகப் புடவை கட்டி வந்தாள். என் மகள் நிலாவுக்கு அப்போது ஆறு வயது. மாமா ஏன் புடவை கட்டியிருக்கிறார் என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். நான் அவள் வாயில் முறுக்கைத் திணித்தேன். மீனா தலையைக் குனிந்துகொண்டாள். நீ அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தரையில் நிலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

“நாம எல்லாரும் அவங்கள ஆம்பளன்னு நெனச்சிட்டோம். தான் பொண்ணுன்னு அவங்களுக்குச் சின்ன வயசுலேந்தே தெரியும். இப்பதான் நம்மகிட்ட சொன்னாங்க.”

“அப்ப முன்னாடி பொய் சொன்னாங்களா?”

“இல்ல லா. சொல்லப் பயந்தாங்க.”

தானும் ஒருநாள் பையனாக மாறிவிடுவேனா என்று நிலா கேட்டாள். உன்னை யாரும் மாற்ற முடியாது, உனக்கு உன்னைப் பற்றி என்ன தோன்றினாலும் எங்களிடம் சொல்லலாம் என்றாய். அவள் கொஞ்சம் யோசித்தாள். எழுந்து போய் மீனாவின் மடியில் உட்கார்ந்து, “சித்தி, வளையல் காட்டுங்க” என்றாள். மீனா அழுதாள். உன் தோளில் சாய்ந்துதான் அழுதாள். பக்கத்திலேயே நான் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு நிலாவின் கேள்வியெல்லாம் உனக்குத்தான். என் ஃபோனை வாங்கி அறைக்குள் கொண்டுபோய் உன்னிடம் பேசுவாள். கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டிருக்கிறேன். பெற்றவள் நான். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் உன் கட்டிலோரம் நிலாவும் மீனாவும்தான் இருந்தார்கள். நான் மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றேன்.

போன மாதம் நிலா பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். சித்தி உண்மையான பெண் இல்லை என்று வகுப்பில் யாரோ சொன்னார்களாம். பெரியம்மா இருந்தால் கேட்டிருப்பேன் என்றாள்.

“என்கிட்ட கேளு” என்றேன்.

சித்தி பெண்தான் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கே நாளாயிற்று என்பதையும், அந்தத் தீபாவளியன்று முறுக்கைத் திணித்து நிலாவைப் பேசவிடாமல் செய்தது என் தப்பு என்பதையும் சொன்னேன். பாதியில் வார்த்தை வராமல் திணறினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பெரியம்மா இன்னும் நல்லா சொல்வாங்க” என்றாள்.

சுருக்கென்றது. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். இன்னும் நெருங்கி உட்கார்ந்து, அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

உன்மேல் பொறாமை அப்படியேதான் இருக்கிறது, அக்கா. அதை வைத்துக்கொண்டேதான் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.