செல்வியின் தளமும் நான் எழுதிய மூன்று வருஷமும்

ஆவணி 4, புதன்

விடிந்ததிலிருந்து மூட்டம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கருவாட்டுக்கு எமன்.

இனி இந்த நோட்டில் வரப்போகும் கதையை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருத்தன் நம்பமாட்டான் என்று, கிழிந்த கைலியோடு நின்று, பனித்திட்டுக் கடல் சாட்சியாக உறுதிமொழி அளிக்கிறேன்.

தங்கச்சி செல்விக்கு (இனி செ.) கோர்ட்டு சம்மன். வழக்குப் போட்டவர் பக்கத்து மனையில் போன வருஷம் மாடி கட்டி வந்த மளிகைக்காரர். அரியாங்குப்பத்தில் கடை வைத்திருந்தவர். புகார்: செ. தன் சிமெண்ட் தளத்தில் கருவாடு காயவைப்பதால் நாற்றம், ஈ, சொத்தை நிம்மதியாக அனுபவிக்க இடையூறு. மொத்தம் பதினோரு பக்கம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் டைப் அடித்திருப்பார்கள்.

செ.வுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தேன்.

"இன்னாண்ணா சொல்றாங்க?"

"உன் நெத்திலி நாத்தத்துல வானத்துல போன பிளேன் திரும்பிப் போயிடுச்சாம்."

சிரிக்கவில்லை. "காயவைக்கக் கூடாதுன்னுட்டா நான் இன்னாண்ணா பண்ணுவேன்?"

புருஷனை சுனாமி அலை கொண்டுபோனது. அன்றிலிருந்து கருவாடுதான் அவளுக்குச் சோறு.

ஆவணி 6, வெள்ளி

கொஞ்சம் வெயில். வக்கீலைப் பார்க்கப் பாகூர் பஸ். நிற்க இடமில்லை. வக்கீலம்மா (இனி வ.) சின்ன வயசு, பெரிய கண்ணாடி.

"நாப்பது தலைமுறையா காயவைக்கிறோம்மா. அவரு நேத்து வந்தவரு. வாடை தெரிஞ்சுதான மனை வாங்குனாரு?"

"அது பதில் ஆகாது சார். தெரிஞ்சே வந்தாலும் கேஸ் போட அவருக்கு உரிமை இருக்கு."

வ. சொன்னது, மறக்காமல் இருக்க:

- சாதாரண மனுஷன் தாங்குவானா என்பதுதான் அளவு. நோயாளி மூக்கு, ராஜா மூக்கு சேர்த்தியில்லை.
- ஊர் எப்படிப்பட்டது என்று பார்ப்பார்கள். மீன்காரர் தெருவில் மீன் வாடை, சரி. ஆனால் தெருவில் இப்போது பாதி மாடி வீடு.
- இருபது வருஷம் விடாமல், வெளிப்படையாக, யாரும் தடுக்காமல் செய்திருந்தால் அதையே உரிமை என்று வாதாடலாம். நிற்கும் என்று உறுதி இல்லை. ஆனால் கையில் இருப்பது அதுதான்.

கடைசியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "இருபது இன்னாம்மா, அலைக்கு முன்னாடியே காயவச்சாளே."

"நல்லது சார். இடையில நிறுத்தலையே?"

"ஒருநாள் கூட இல்ல."

திரும்பும் பஸ்ஸிலேயே ஜெயித்துவிட்டேன். ஊர்வலத்துக்கு யானை சொல்வதுதான் பாக்கி.

ஆவணி 9, திங்கள்

வெயில் சுள்ளென்று. காற்று நேராக மாடி வீட்டுப் பக்கம். தளம் முழுக்க வாளை மீன்.

மாடி ஜன்னலில் மளிகைக்காரர் மனைவி. மூக்கில் துண்டு. தலையில் ஒரு முடி இல்லை. மருந்து ஏற்றுகிறார்களாம்.

செ. வாளையைத் திருப்பிப் போட்டபடி: "அந்தம்மா சோறு துன்னு நாலு நாளாச்சாம். பால்காரரு சொன்னாரு. வாடை பட்டா வாந்தியாம்."

"கோர்ட்டுல அந்த மூக்கு சேராது. வக்கீலம்மா சொல்லிட்டாங்க."

"உனக்கு சேருதா?"



வாளை முழுவதையும் கிழக்குக் கோடிக்கு மாற்றினாள். காற்று மாறவில்லை.

ஆவணி 12, வியாழன்

இடி. செருப்பு வார் அறுந்தது. மத்தியானம் வ. போன்.

எதிர்த்தரப்பு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒரு பழைய மனுவின் நகலை வாங்கியிருக்கிறது. அலை வந்து மூன்று வருஷம் கழித்து, செ. சிமெண்ட் தளம் கேட்டுப் போட்ட மனு. கைநாட்டு அவளுடையது. நடை என்னுடையது. தெருவுக்கே மனு எழுதிய சக்கரவர்த்தி நான்தானே. மற்ற வீட்டுக்கெல்லாம் தொழில் சரியாக நடக்கவில்லை என்று எழுதினேன். தங்கச்சிக்கு மட்டும் தனிக் கவனம்:

"கடல் தின்ற இம்மண்ணில் மூன்றாண்டுகளாக ஒரு கருவாடும் காயவில்லை. ஒரு காக்கையும் வந்து அமரவில்லை."

தெருவில் முதல் தளம் அவளுக்குத்தான் வந்தது.

வ.: "அப்போ மூணு வருஷம் நிறுத்திட்டதா ஆகுது. தளம் போட்டதுலேர்ந்து எண்ணினா இருபதுக்கு ரெண்டு வருஷம் குறையுது. ஏன் சார் இப்படி எழுதினீங்க?"

"நல்லா இருந்துச்சும்மா."



செ.விடம் இன்னும் சொல்லவில்லை. ராத்திரி ரசம். 

ஆவணி 19, வியாழன்

கோர்ட்டு. வெள்ளைச் சட்டை, இஸ்திரி. காலர் கடித்தது.

மனுவில் எழுதியது பொய் என்று பிரமாணம் செய்துகொடுத்தேன். எதிர் வக்கீல் காக்கை வரியை ராகம் போடாத குறையாக வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் எழுத்துக்கு இத்தனை பேர் சிரித்தது இதுதான் முதல் தடவை. 

நீதிபதி: "அப்போ எழுதினது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?"

"அப்போ எழுதினதுங்க அய்யா."

"தேவைக்கு ஏத்த மாதிரி மாத்திச் சொல்றவரை எப்படி நம்புறது?"

வழக்கு முடியும்வரை தளத்தில் மீன் காயக் கூடாது. உத்தரவு.

வாசலில் மளிகைக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். ஜெயித்த முகம் இல்லை. "உங்க தங்கச்சி மேல எனக்குக் கோபம் கிடையாதுங்க. என் வீட்டுக்காரி ரெண்டு வாய் சாப்பிடணும், அவ்ளோதான்."

தலையாட்டினேன். ஒரே பஸ்ஸில் திரும்பினோம், அவர் முன்னால், நானும் செ.வும் பின்னால்.

ஆவணி 21, சனி

இந்த மாசத்திலேயே நல்ல வெயில். தளம் காலி. செ. கழுவிவிட்டு, துடைப்பத்தோடு நின்றாள். நாளையிலிருந்து கூடையில் பச்சை மீன், வீடு வீடாக, அபிஷேகப்பாக்கம் வரை. முட்டிவலியோடு.

"என்னைத் திட்டிடு, செல்வி."

"திட்டி இன்னாத்துக்கு. நீ எழுதப்போயிதான் தளமே வந்துச்சு." அப்புறம் மெதுவாக: "ஆனா நாப்பதாம் நாளே நான் காயவச்சேனே. நீயும் இருந்தியேண்ணா."

இருந்தேன்.

பிளேன், நாற்பது தலைமுறை, யானை, எல்லாம் என் கைச்சரக்கு. சம்மனோடு வந்தது கூட நாலு பக்கம்தான். இது ஒன்று மட்டும் நிஜம்: அலை வந்த நாற்பதாம் நாள் செ. ஈர மண்ணில் வலையை விரித்து அரைக்கூடை நெத்திலி பரப்பினாள். அப்போது கடல் மீனை யாரும் தொடமாட்டார்கள், எதைத் தின்ற மீனோ என்று. ஒருத்தரும் வாங்க வரவில்லை. வெயில் இறங்கும்வரை திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை.